கேட்காமல் கொடுக்கிற வீடு

நான் பேசியே சம்பளம் வாங்குகிறவள். கோவையில் மோட்டார் பம்பு விற்கிற ஒரு கடையில், கோளாறு என்று கூப்பிடுகிறவர்களின் போனை எடுப்பதுதான் என் வேலை. "மோட்டாரு ஓடுது, தண்ணி வர மாட்டீங்குது" என்று தோட்டத்துக்குள் நின்று கத்துகிற ஆளைச் சமாதானப்படுத்தி, என்ன மோட்டார், எத்தனை அடி ஆழம் என்று துருவித் துருவிக் கேட்டு, பழுது பார்க்க ஆள் அனுப்பி வைப்பேன். சாயங்காலம் துடியலூருக்குத் திரும்புகிற பஸ்ஸிலும் பக்கத்து சீட்டுக்காரரோடு பேசிக்கொண்டேதான் வருவேன். உடுமலைப்பேட்டையில் நான் பிறந்த வீட்டில் எனக்கு ரேடியோ என்றே பட்டப்பேர். அப்படிப்பட்ட என் வயிற்றில் பிறந்தவளுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை.

காது நன்றாகவே கேட்டது. ப்ரிட்ஜைத் திறக்கிற சத்தம் மாடியில் இருந்தாலும் கேட்கும். சொல்வதெல்லாம் புரிந்தது. "அப்பாவோட கண்ணாடிய எங்கடி ஒளிச்சு வெச்ச?" என்றால் ஓடிப்போய் அரிசி டின்னுக்குள்ளிருந்து எடுத்து வந்து நீட்டுவாள், முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இருக்காது. சிரிப்பாள், குதிப்பாள், கோபம் வந்தால் செருப்பைத் தூக்கி வீசுவாள். வார்த்தை மட்டும் கிடையாது. அம்மா என்றுகூட இல்லை. வேண்டிய பொருளைப் பார்த்து மோவாயைத் தூக்குவாள், அவ்வளவுதான். ஒரு ஜமீன்தாரிணி வேலைக்காரர்களுக்கு உத்தரவு போடுகிற தோரணை அதில் இருக்கும்.

சொந்தபந்தங்களுக்கு இது போதாதா? ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவள் அப்பனும் லேட்டாகத்தான் பேசினான் என்றார்கள். (பேசினாரா என்பதே எனக்குச் சந்தேகம். கல்யாணமான புதிதில் என் கணவர் மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் நான் என் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்வேன்.) செல்போனைக் காட்டிச் சோறு ஊட்டுகிறீர்கள், அதனால்தான் என்றார்கள். நாக்கில் தேன் தடவச் சொன்னார்கள். கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டச் சொன்னார்கள். அம்மாக்காரி வேலைக்குப் போனால் குழந்தை யாரோடு பேசும் என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. அது பெரிதானது பள்ளிக்கூடத்தில். ஜூனில் எல்கேஜி சேர்க்கலாம் என்று வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனோம். அந்த டீச்சரம்மா நல்ல மாதிரிதான். இவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கலர் பந்து கொடுத்து, கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு என்னிடம் சொன்னார்.

"கெட்டிக்காரப் பாப்பாங்க. சேத்துக்கறதுக்கு எனக்கு ஆசைதானுங்க. ஆனா ஒரு வார்த்தையாவது வரட்டுமுங்க. தண்ணி வேணுமோ, வயிறு வலிக்குதோ, எவனாவது கிள்ளுனானோ, வேண்டாம்னு தடுக்கோணுமோ, ஏதாவது ஒண்ணு சொல்லத் தெரியோணுமில்லீங்களா? அத்தன கொழந்தைகளுக்கு நடுவுல நாங்க எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

வெளியே வந்ததும் அந்த அம்மாவை நான் திட்டித் தீர்த்தேன். என் கணவர் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் அப்படியே நின்றார். "அவங்க சொன்னதுல என்ன தப்பு?" என்றார். தப்பில்லை என்று தெரிந்துதான் எனக்கு அத்தனை கோபம். நான் இல்லாத ஓர் இடத்தில் என் பிள்ளைக்குத் தாகமெடுத்தால் மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்பாளே, யார் பார்ப்பார்கள்?

டாக்டரிடம் போனோம். காது பரிசோதனை செய்தார்கள், குறையில்லை என்றார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். மருந்துக்கடை ஒன்றின் மாடியில், தரை முழுக்க பொம்மை பரப்பிய சின்ன அறை. அந்தப் பெண் தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் ஊருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நாங்கள் குழந்தையைக்கூட "வாங்க, உக்காருங்க" என்று சொல்வதைக் கேட்டு அவளுக்கு ஒரே சிரிப்பு.

"வீட்டுல ஏதாவது வேணும்னா பாப்பா எப்படிக் கேப்பா?" என்று அவள் கேட்டாள்.

"கேக்கவே மாட்டாளுங்க" என்றேன்.

"அப்ப எப்படிக் குடுப்பீங்க?"

நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இப்படி ஒரு கேள்வியை எங்களிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால்தானா கொடுப்பார்கள்? அந்தப் பெண் எங்கள் முழிப்பைப் பார்த்துவிட்டு, "ஒரு ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வந்து பாக்கறேன்" என்றாள்.

இங்கே என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்னூர்ப் பக்கம் தோட்டம் வைத்து வாழ்ந்த மனிதர். மாமியார் நான் மருமகளாக வருவதற்கு முன்பே தவறிவிட்டதால், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு துடியலூரில் இருக்கிறார். சொந்தத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் பந்தி விசாரணை அவர்தான். பந்தி விசாரிப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணப் பொறுப்பு இல்லை. உட்கார்ந்திருக்கிற வரிசைக்கு முன்னால் நடந்துகொண்டே, எந்த இலையில் பொரியல் தீர்ந்தது, யாருக்கு ரசம் வரவில்லை, எந்தப் பெரியவர் மோருக்காகக் காத்திருக்கிறார் என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிறவர்களை ஏவ வேண்டும். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் நடந்தால் அந்தப் பந்தியில் ஒருவரும் வாய் திறந்து எதுவும் கேட்க வேண்டியிருக்காது.

"யாருக்கு என்ன வேணும்னு மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கோணும் அம்மணி" என்பார் என்னிடம். "ஒருத்தரு வாயத் தொறந்து கேக்கற மாதிரி உட்டுப்போட்டம்னா அது நமக்குத்தான் கேவலம்."

அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. சாப்பிடுகிறவர் முதல் முறை சொல்கிற "போதுங்க"வை நம்பக் கூடாது. அது மரியாதைக்குச் சொல்வது. அதற்கு அப்புறம் ஒரு கரண்டி வைத்தால்தான் வைத்ததாக அர்த்தம். அவர் பரிமாறக் கற்றுக்கொடுத்த சொந்தக்காரப் பையன்கள் எல்லாரும் இப்படித்தான். அவர்கள் பரிமாறுகிற பந்தியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் துணை வேண்டும்.

இந்த மனிதர் பேத்தியை எப்படிக் கவனித்திருப்பார் என்று நான் சொல்லவா வேண்டும்? அவள் கண் லேசாகச் சுருங்கினால் தண்ணீர் வரும். உதட்டை நக்கினால் வாழைப்பழம் உரித்து வரும். மோவாயைத் தூக்குவதற்குள் பொம்மை கைக்கு வரும். "எங்க தங்கத்துக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்று அவளிடமே கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். மேல் வீட்டு அக்கா தினம் படியிறங்கி வரும்போதே கையில் பிஸ்கட்டோடு வருவார். நான் மட்டும் என்ன? "பேரு என்ன கண்ணு?" என்று யாராவது அவளைக் கேட்டால், கேட்டவர் வாயை மூடுவதற்குள் நான் பேர், வயது, பிடித்த பலகாரம் எல்லாம் ஒப்பித்து முடித்திருப்பேன்.

அந்தப் பெண் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமனார் தண்ணீர்ச் சொம்போடு நின்றார். அவள் உட்கார்ந்து பையிலிருந்து பேனா எடுப்பதற்குள் மோர் வந்தது. மோரைக் குடித்து முடிப்பதற்குள் சந்தகை வந்தது. எங்கள் ஊர் சந்தகையை அவள் ஊரில் இடியாப்பம் என்பார்கள் போல. எங்கள் அம்மா வீட்டிலிருந்து வந்த உடுமலைத் தேங்காயில் பால் பிழிந்து, வெல்லம் போட்டு வைத்திருந்தேன். அவள் என்னிடம் ஏதோ கேட்க வாயெடுத்தாள், தேங்காய்ப்பால் ஒரு கரண்டி விழுந்தது. மறுபடி வாயெடுத்தாள், ஒப்புட்டு, அதுதான் போளி, வந்தது, அதன் மேல் நெய் வந்தது.

"போதுங்க" என்றாள்.

"எங்கீங்க சாப்புட்டீங்க? கோழி கொத்துன மாதிரி இருக்குது" என்று மாமனார் இன்னொன்று வைத்தார்.

எங்கள் மகள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, விருந்தாளியின் இலையையும் முகத்தையும் அப்பாரின் (தாத்தாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்) கரண்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியைக்கூட அவள் அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் "போதுங்க, போதுங்க" என்று இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டாள். விரல் சந்து வழியாக ஒரு ஸ்பூன் நெய் போனது.

கை கழுவிவிட்டு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, சொன்னாள்.

"அக்கா, நான் வந்ததுலேர்ந்து போதுங்கிற ஒரு வார்த்தையத் தவிர வேற எதுவும் பேசலை. பேச வேண்டிய அவசியமே வரலை. எனக்கே இந்தக் கதின்னா, பாப்பா எதுக்குப் பேசணும்?"

மாமனாரின் முகம் சுண்டிவிட்டது. கையில் இருந்த நெய்க்கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்ப நாந்தானுங்களா கொழந்தையோட வாயக் கட்டிப்போட்டது?"

"ஐயோ, இல்லைங்க ஐயா" என்று அவள் பதறினாள். "சில குழந்தைங்களுக்குப் பேச்சு மெதுவாத்தான் வரும். அதுக்கு யாரும் காரணம் இல்லை. உங்க கவனிப்புலதான் இவ இவ்வளவு சந்தோஷமா இருக்கா. ஆனா பேச்சு வர்றதுக்கு ஒரு சின்ன இடம் விடணும். குடுக்கறதுக்கு முன்னால கொஞ்சம் நில்லுங்க. பொருளைக் கையில வெச்சுக்கிட்டு அவ முகத்தைப் பாத்துக் காத்திருங்க. சத்தம் வந்தா சந்தோஷம். வரலைன்னா நீங்களே ஒரு தடவை பேரைச் சொல்லிக் குடுத்துடுங்க. அழ விட வேண்டாம். கெஞ்ச வைக்க வேண்டாம். காத்திருந்தாப் போதும்."

காத்திருந்தால் போதுமாம். எங்கள் வீட்டில் அதைவிடக் கஷ்டமான ஒன்றை யாரும் சொல்லியிருக்க முடியாது.

மறுநாளே ஆரம்பித்தோம். மாமனார் ஒரு கையில் தண்ணீர் டம்ளரோடு பேத்தியின் முன் உட்கார்ந்தார். அவள் பார்த்தாள். அவர் பார்த்தார். அவள் மோவாயைத் தூக்கினாள். அவர் கை தானாக முன்னால் போனது. நான் சமையலறையிலிருந்து "மாமா!" என்றேன். கை பின்னால் வந்தது. அவள் மறுபடி மோவாயைத் தூக்கினாள், இந்தக் கிழவருக்கு இன்று என்ன ஆயிற்று என்பதுபோல. அவர் அவசர அவசரமாக "தண்ணி" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, எழுந்து வெளியே போய்க் கொய்யா மரத்தடியில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு உபாயம் கண்டுபிடித்தார். டம்ளரையோ பழத்தையோ முன்னால் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகி இறுக்கிக்கொள்வார். பார்ப்பவர்களுக்கு மனிதருக்குக் குளிர் ஜுரம் என்று தோன்றும்.

என் கணவருக்கு வேறு தண்டனை. வீட்டில் செய்வதையெல்லாம் குழந்தையிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். "இப்ப அப்பா சட்டை போடறேன். இது பொத்தான். பொத்தான் போட்டாச்சு. இது சாவி." கிரிக்கெட் வர்ணனை மாதிரி, ஆனால் இழவு வீட்டுக் குரலில். அவருக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை உண்டு. அங்கேயும் பழக்கம் விடாமல், "இப்ப கம்பியக் கடையறேன்" என்று மெஷினிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். பக்கத்துப் பட்டறைக்காரர் எனக்குப் போன் போட்டு, "அண்ணனுக்கு ஏதாவது மனசுக் கஷ்டமுங்களா?" என்று விசாரித்தார்.

என் பாடுதான் எல்லாவற்றிலும் மோசம். நான் வாயை மூட வேண்டும். யாராவது அவளிடம் ஏதாவது கேட்டால் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொள்வேன். ஒரு தலைப்பு அப்படியே நைந்து போயிற்று. வேலையிடத்தில்கூட அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் ஒரு தோட்டக்காரர் தண்ணி வரவில்லை என்று கத்தினார். "என்னங்க ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, மேலே எதுவும் கேட்காமல் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். "அம்மணி, லைன்ல இருக்கறீங்களா?" என்றார். "இருக்கறேனுங்க, சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். அப்புறம், "அட, வால்வத் தொறக்காம உட்டுப்போட்டேனுங்க" என்று போனை வைத்துவிட்டார். காத்திருப்பதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

ஆனால் மகளிடமிருந்து வார்த்தை வரவில்லை. முன்பு மோவாயைத் தூக்கியவள் இப்போது கண்ணைப் பார்த்தாள், விரலைப் பிடித்து இழுத்தாள், "ம்ம்" என்று முனகினாள். அதுவே பெரிய முன்னேற்றம் என்று அந்தப் பெண் குதூகலித்தாள். எனக்கு முனகல் போதவில்லை. டீச்சரம்மா கேட்டது முனகலை அல்ல.

நடுவில் மாமனாரின் தங்கை, என் கணவரின் அத்தை, அன்னூரிலிருந்து வந்தார். அவர் மகன் புது வீடு கட்டியிருந்தான், பத்திரிகை வைக்க வந்தவர். உள்ளே நுழையும்போது அவர் கண்ட காட்சி இதுதான்: உரித்த வாழைப்பழம் தரையில் தட்டில் இருக்கிறது, அந்தப் பக்கம் குழந்தை முனகிக்கொண்டு நிற்கிறது, இந்தப் பக்கம் அண்ணன் கக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்.

"ஏனுங்ண்ணா! ஊருக்கெல்லாம் பந்தி விசாரிக்கிறவரு, சொந்தப் பேத்தியக் கெஞ்ச உட்டுப்போட்டு உக்காந்திருக்கறீங்களே. இந்த ஊட்ல சோத்துக்கு அவ்வளவு பஞ்சமாப் போச்சுங்களா?"

விவரம் சொன்னோம். அவர் காதில் ஏறவில்லை. பழத்தை எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்துவிட்டு, பத்திரிகையை வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரத்துக்குள் சொந்தம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது, துடியலூர் வீட்டில் குழந்தைக்குக் கேட்டால்தான் சோறு என்று. மாமனாருக்கு வாழ்நாளில் இப்படி ஒரு பேர் வந்ததில்லை. கஞ்சன் என்று அவரை யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொன்னது கிடையாது. நான் தயங்கித் தயங்கி, "மாமா, உங்களுக்குச் சங்கடமா இருந்தா நீங்க மட்டும் பழைய மாதிரியே குடுத்துக்குங்க" என்றேன்.

"சொல்றவங்க சொல்லீட்டுப் போகட்டும் அம்மணி" என்றார். கை கக்கத்திலேயே இருந்தது. எனக்கு அந்த மனிதர் மேல் அன்றைக்கு வந்த பிரியத்தை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

அதே வாரம் ஒரு சாயங்காலம் நான் உடைந்தேன். ஆபீஸிலிருந்து களைத்து வந்திருந்தேன். அவள் பால் டம்ளரைப் பார்த்து "ம்ம்" என்றாள். "பால்" என்றேன். "ம்ம்" என்றாள். "பால்னு ஒரு தடவ சொல்லேண்டி, ஒரே ஒரு தடவ சொல்லு!" என்று கத்திவிட்டேன். அவள் பயப்படவில்லை. பக்கத்தில் வந்து, தன் சின்ன உள்ளங்கையை என் வாயின் மேல் வைத்து மூடினாள். நான் அழுதேன். என் கணவர் வந்து எட்டிப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல், "இப்ப அம்மா அழுகறா" என்று வர்ணித்தார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. பிள்ளை பாலைக் குடித்துவிட்டு விளையாடப் போனாள்.

அன்னூர் புதுவீட்டு விசேஷத்துக்குப் போனோம். போக எனக்கு இஷ்டமில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடுகிற இடத்தில் எங்களைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்று தெரியும். மாமனார் வேட்டி சட்டையெல்லாம் வெள்ளை வெளேரென்று போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். வழக்கம்போலத் துண்டு தோளில் இருந்தது. ஆனால் பந்தி ஆரம்பித்ததும், விசாரணைக்குப் போகாமல் பேத்தியோடு வரிசையில் உட்கார்ந்துவிட்டார். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், எல்லாரும் சாப்பிடுவதை அவள் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அவர் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துப் பரிமாற வந்தவர்களே திகைத்துப் போனார்கள்.

என் மகளுக்குத் தனி இலை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அவள் சம்மணம் போட்டுப் பெரிய மனுஷியாக உட்கார்ந்திருந்தாள். பருப்பும் நெய்யும் போய், சாம்பார் போய், ரசம் போய், பாயசம் வந்தது. பாயச வாளியோடு வந்தவன் வீட்டுக்காரன், அத்தையின் மகன்தான். மாமனாரிடம் பரிமாறக் கற்றுக்கொண்டவர்களிலேயே அவன்தான் முதல் மாணவன். அவள் இலையில் ஒரு கரண்டி ஊற்றினான். விரலால் வழித்து வழித்துச் சாப்பிட்டாள். வரிசையின் கடைசிவரை போய்விட்டுத் திரும்பி வந்தான். கரண்டி நிறைய அள்ளிக்கொண்டு, அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்துக் கேட்டான்.

"பாப்பாவுக்கு இன்னொரு கரண்டி ஊத்தட்டுங்களாக்கா?"

வாயைத் திறந்துவிட்டேன். ஊத்து, வேண்டாம், பாதி போதும், ஏதோ ஒன்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. மென்று விழுங்கினேன். தலைப்பைக் கடிக்கக்கூட நேரமில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் என் மகளைப் பார்த்தேன். மாமனாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எச்சில் கையோடு கக்கத்தை இறுக்கிக்கொண்டு. எதிர் வரிசையில் அத்தை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கரண்டியிலிருந்து பாயசம் சொட்டுச் சொட்டாக வாளியில் விழுந்தது.

என் மகள் கரண்டியை அண்ணாந்து பார்த்தாள். இடது கையைத் தூக்கி, விரல்களை விரித்து, இலையை மூடினாள்.

"போதுங்க" என்றாள்.

மழலைதான். ஆனால் கடைசியில் வருகிற அந்த 'ங்க' வரை எல்லாம் இருந்தது. அவள் குரல் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கொஞ்சம் கரகரத்த குரல். என் குரல்.

அந்தப் பையனுக்கு நடந்தது ஒன்றும் புரியவில்லை. ஒரு விருந்தாளி முதல் தடவையாகப் போதும் என்கிறாள், அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் அவன் செய்தான். "அட, ஒரே ஒரு கரண்டி சாமி" என்று சிரித்துக்கொண்டே கரண்டியைச் சாய்த்தான்.

கக்கத்திலிருந்து ஒரு கை பாய்ந்து வந்தது. மாமனார் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டார். பாயசம் முழுக்க அவருடைய வெள்ளை வேட்டியில் கொட்டியது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"நிறுத்துங்க மாப்ள" என்றார். "போதும்னு சொல்லிப்போட்டாங்கல்ல?"

வரிசையே சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. அந்த மனிதர் ஒரு கரண்டியைத் தடுத்ததை அங்கே இருந்த யாரும் பார்த்ததில்லை. என் கணவர் அடுத்த வரிசையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார், வர்ணிக்க வார்த்தை கிடைக்காமல். எனக்குக் கண்ணீர் சோற்றில் விழுந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

"நீங்கதானுங்க மாமா சொல்லிக் குடுத்தீங்க" என்றான் அந்தப் பையன் பரிதாபமாக. "மொதோ போதும்ங்கறத நம்பப்படாதுன்னு."

மாமனார் அவன் கையை விட்டார். இலைமேல் இன்னும் விரிந்திருந்த அந்தச் சின்னக் கையைப் பார்த்தார்.

"மத்தவங்க சொன்னா நம்பாதீங்க மாப்ள" என்றார். "இவங்க சொன்னா நம்போணும்."

என் மகள் கையை எடுத்தாள். பெரியவர்கள் செய்வதைப் பார்த்திருந்தவள், காலி இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு, அப்பாரின் வேட்டியில் வழிந்த பாயசத்தை விரலால் தொட்டு நக்கிக்கொண்டே எழுந்தாள்.